நானோ வீ.என்.ஏ.யில் ஸ்வீப்பும் கலிபிரேஷனும்: யாழ்ப்பாணத்து வளவில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

மயிலிட்டியில் இருந்து ஒரு படகுக்கார அண்ணா தன் வீ.எச்.எஃப். றேடியோவின் அன்ரெனாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் வளவுக்கு வந்தார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் ஆட்களின் குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது என்பதுதான் அவர் முறைப்பாடு. நான் அன்ரெனாவை ஒரு குழாயில் கட்டி நிறுத்தி, அன்ரெனா, கேபிள், ஃபில்டர்களை அளக்கும் கையடக்கப் பெட்டியான நானோ வீ.என்.ஏ.யைப் பூட்டி, கடல் அலைவரிசை 16 இருக்கும் 156.8 மெகாஹேர்ட்ஸில் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது அனுப்புவதில் எவ்வளவு தெறித்துத் திரும்புகிறது என்று சொல்லும் எண் (1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை), 4க்கு மேல் காட்டியது. “அண்ணை, இது பழுது” என்றேன். அவர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதிலும் 4க்கு மேல். அப்போது அவர் கேட்டார்: “தம்பி, புதுசும் அதே கணக்கைத்தான் காட்டுது எண்டால், பிழை அன்ரெனாவிலையோ உங்கட பெட்டியிலையோ?”

பிழை நான் பெட்டியை அமைத்த விதத்தில்தான் இருந்தது. முதல் நாள் 1 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் கலிபிரேஷன் (பெட்டியின் சொந்தப் பிழையை அறிந்து திருத்தும் வேலை) செய்து சேமித்திருந்தேன். அன்று ஸ்டார்ட்டை 150 என்றும் ஸ்டொப்பை 165 என்றும் மாற்றிவிட்டு நேரே அளந்துவிட்டேன். பெட்டி ஒன்றும் சத்தம் போடவில்லை, திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து மாறியதைத் தவிர. அதை நான் கவனிக்கவில்லை, அந்த அண்ணாவின் காசு வீணாயிற்று. அந்தக் கவலையில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒழுங்கு இதுதான்: ஸ்வீப்பை, அதாவது பெட்டி ஓடி அளக்கும் மீடிறன் எல்லையை, முதலில் தீர்மானிக்க வேண்டும், பிறகுதான் கலிபிரேஷன், அதையும் நீங்கள் அளக்கப்போகும் கேபிளின் நுனியில் வைத்துச் செய்ய வேண்டும். ஏன் இந்த ஒழுங்கு என்று விளங்கினால் மெனுவில் எந்தப் பட்டன் எங்கே இருந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், ஃபேர்ம்வெயர் மாறினாலும் பெட்டி மாறினாலும் சரி.

பெட்டிக்குள் நடப்பது

வீ.என்.ஏ. தன் முதல் போர்ட்டில் இருந்து ஒரு சிறிய சமிக்ஞையை வெளியே அனுப்புகிறது. ஒரு மில்லிவாட்டின் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுதான். அன்ரெனாவில் பட்டுத் தெறித்து வருவது எவ்வளவு, எந்த அவத்தையில் வருகிறது என்று, அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதுதான் எஸ்11. இரண்டாவது போர்ட்டுக்குள் போய்ச் சேர்வது எஸ்21. நானோ வீ.என்.ஏ.யின் இரண்டாவது போர்ட் கேட்க மட்டும்தான் செய்யும், அனுப்பாது. அதனால் ஒரு ஃபில்டரின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஃபில்டரைத் திருப்பிப் பூட்ட வேண்டும்.

எந்தப் பெட்டியும், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருக்கும் பெரிய பெட்டியும்கூட, தெறித்து வந்ததைச் சுத்தமாகப் பார்ப்பதில்லை. அனுப்பிய சமிக்ஞையில் ஒரு பகுதி வெளியே போகாமலே கேட்கும் பக்கத்துக்குள் ஒழுகிவிடும். திரும்பி வந்ததில் ஒரு பகுதி போர்ட்டிலேயே மறுபடி தெறித்து வெளியே போகும். மூன்றாவது, உள்ளே இருக்கும் பாதையின் இழப்பும் அவத்தையும் மீடிறனுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். தெரியாத கணியங்கள் மூன்று. அவற்றைத் தீர்க்க மூன்று சமன்பாடுகள் வேண்டும், அதற்காகத்தான் விடை ஏற்கனவே தெரிந்த மூன்று சாமான்களைப் பூட்டுகிறோம்: ஓபன் (திறந்த நுனி), ஷோர்ட் (நடுவும் உடம்பும் இணைந்தது), லோட் (50 ஓம் தடை). ஓ-லெவல் கணக்கில் தெரியாக் கணியங்களை எப்படித் தீர்ப்போமோ அதே வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மூன்று எண்களும் ஸ்வீப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியானவை. 101 புள்ளி என்றால் 101 தடவை அந்தக் கணக்கு நடக்கிறது. ஸ்வீப்பை மாற்றினால் புள்ளிகள் இடம் மாறும், பழைய எண்கள் அந்தப் புதிய இடங்களுக்கு உரியவை அல்ல. பழைய எல்லைக்குள்ளேயே சுருக்கினால் பெட்டி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஊகித்துப் போட்டுக்கொள்ளும், அது பெரும்பாலும் பரவாயில்லை. எல்லைக்கு வெளியே போனால் ஓரத்துப் புள்ளியின் எண்ணையே இழுத்து வைத்துக்கொள்ளும். 30 மெகாஹேர்ட்ஸின் திருத்தத்தை 156க்குப் போட்டதுதான் அன்று நான் செய்தது.

ஸ்வீப்பைத் தீர்மானித்தல்

ஸ்டிமுலஸ் மெனுவுக்குள் போனால் ஸ்டார்ட், ஸ்டொப், சென்ரர், ஸ்பான் என்று நான்கு இருக்கும். ஸ்டார்ட், ஸ்டொப் இரண்டையும் கொடுக்கலாம், அல்லது நடுவையும் அகலத்தையும் கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுதான். நான் அகலமாகத் தேடும்போது முதலாவதையும், ஒரு பட்டைக்குள் நுணுக்கமாகப் பார்க்கும்போது இரண்டாவதையும் பாவிக்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் என்பது மொத்த அகலத்தை, புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் வருவது. 1 முதல் 30 மெகாஹேர்ட்ஸ், 101 புள்ளி என்றால் 29ஐ 100ஆல் வகுக்க 290 கிலோஹேர்ட்ஸ். அமெச்சூர் 40 மீற்றர் பட்டை நமக்கு 7.0 முதல் 7.2 வரை, அதாவது 200 கிலோஹேர்ட்ஸ் அகலம். ஆக முழுப் பட்டைக்குள்ளும் ஒரு புள்ளிதான் விழும். திரையில் கோடு அழகாக வளைந்து போவது போலத் தெரியும், ஆனால் அது புள்ளிகளை இணைத்து வரைந்த கோடு. டைபோலின் (நடுவில் கேபிள் பூட்டிய இருபக்கக் கம்பி அன்ரெனாவின்) பரிவு உண்மையில் எங்கே இருக்கிறது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது அந்தக் கோட்டில் இல்லை. “அன்ரெனா இரவோடு இரவாக மாறிவிட்டது” என்று என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பலதுக்குக் காரணம் இதுதான்.

எச்4 போன்ற 4 அங்குலத் திரை உள்ள வகைகளில் புதிய ஃபேர்ம்வெயர் போட்டால் 401 புள்ளி வரை கிடைக்கும். அப்போதும் அதே அகலத்துக்கு 72.5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. கொஞ்சம் நல்லது, போதாது. அகலத்தைச் சுருக்குவதுதான் வழி: 6.8 முதல் 7.4 வரை வைத்தால் 101 புள்ளியிலேயே 6 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும், பட்டைக்குள் முப்பதுக்கு மேல் புள்ளிகள் விழும்.

அதனால் எப்போதும் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் அகலமான ஸ்வீப், பரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய மட்டும். பிறகு அதைச் சுற்றிக் குறுகிய ஸ்வீப், அதற்கென்று தனிக் கலிபிரேஷன். பெட்டியில் 0 முதல் 4 வரை ஐந்து சேமிப்பிடங்கள் உண்டு, 0இல் இருப்பது பெட்டியை இயக்கியதும் தானாக ஏறும். என் பெட்டியில் 0இல் 1–30, 1இல் 6.8–7.4, 2இல் கடல் வீ.எச்.எஃப்.க்காக 140–165, 3இல் கேபிள் பழுது பார்க்க 50 கிலோஹேர்ட்ஸ் முதல் 200 மெகாஹேர்ட்ஸ் வரை. 4ஐ வெறுமையாக விட்டிருக்கிறேன், திடீர் வேலைக்கு. ஒரு துண்டுத் தாளில் இதை எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.

ஐ.எஃப். பான்ட்வித் என்றும் ஒரு அமைப்பு இருக்கும். கேட்கும் ஜன்னல் எவ்வளவு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோஹேர்ட்ஸில் இருந்து 100 ஹேர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் 10 டெசிபெல் இறங்கும், ஆனால் ஸ்வீப் மெதுவாகும். அன்ரெனா அளக்க 1 கிலோஹேர்ட்ஸ் தாராளமாகப் போதும். ஒரு ஃபில்டர் வேண்டாததை எவ்வளவு வெட்டுகிறது என்று பார்க்கும்போது குறையுங்கள். குவார்ட்ஸ் படிகத்தை அளக்கும்போது கட்டாயம் குறையுங்கள், ஏனென்றால் படிகம் ஒவ்வொரு மீடிறனிலும் நிலைபெற நேரம் எடுக்கும், அவசரமாக ஓடினால் உச்சியே இடம் தள்ளித் தெரியும். இன்னொன்று, பழைய நானோ வீ.என்.ஏ. வகைகள் 300 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் அடிப்படை அலையின் ஒற்றை மடங்குகளைப் பாவித்து அளக்கின்றன, அதனால் அதற்கு மேல் இரைச்சல் கூடும். 433 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்பவர்கள் கோடு நடுங்கினால் பயப்பட வேண்டாம்.

கலிபிரேஷன் சாமான்கள்

பெட்டியோடு மூன்று சின்னப் பித்தளை மூடிகள் வரும். மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், மல்ரிமீற்றரை வைத்து நடு ஊசிக்கும் உடம்புக்கும் இடையில் பாருங்கள்: ஷோர்ட் பூச்சியம், லோட் 50 ஓம் அளவு, ஓபன் முடிவிலி. லோட் எவ்வளவு சரியோ உங்கள் அளவீடும் அவ்வளவுதான் சரி. 51 ஓம் லோட் ஒன்றால் கலிபிரேஷன் செய்தால் 40 டெசிபெல்லுக்கு அப்பால் வரும் ரிட்டேர்ன் லொஸ் (தெறித்து வருவது அனுப்பியதைவிட எத்தனை டெசிபெல் குறைவு என்பது) எண்களுக்குப் பொருளில்லை. 52 ஓம் என்றால் அந்த எல்லை 34க்கு இறங்கிவிடும்.

எச்.எஃப். (30 மெகாஹேர்ட்ஸ் வரை), வீ.எச்.எஃப். கேபிள்களின் நுனியில் பெரிய பீ.எல்.259 பிளக் இருக்கும், அதற்குப் பெட்டியோடு வரும் சின்ன எஸ்.எம்.ஏ. வகை மூடிகள் பொருந்தாது. அதற்கு நானே செய்துகொண்ட மூன்று சாமான்கள் வைத்திருக்கிறேன்: மூன்று எஸ்.ஓ.239 சொக்கெற், ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் நடுவையும் உடம்பையும் கட்டையான செப்புத் தகட்டால் இணைத்தது, ஒன்றில் 100 ஓம், 1 சதவீத மெற்றல் ஃபில்ம் ரெசிஸ்ரர் இரண்டைச் சமாந்தரமாக, கால்களை முடிந்தளவு கட்டையாக வெட்டிப் பற்றவைத்தது. கம்பி சுற்றிய ரெசிஸ்ரர் வேண்டாம், அது சுருளாகவே நடந்துகொள்ளும். 30 மெகாஹேர்ட்ஸ் வரை இந்த மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன. 150இல் கொஞ்சம் தளம்பும், ஆனாலும் படகு அன்ரெனா நல்லதா கெட்டதா என்று சொல்லப் போதும்.

செய்முறை

பெட்டியை இயக்கிப் பத்து நிமிடம் விடுங்கள், சூடு நிலைபெறட்டும். சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்தால் பெட்டி கையில் பிடிக்க முடியாத சூடாகும், அறைக்குள் செய்த கலிபிரேஷன் அங்கே நகர்ந்துவிடும். அதனால் நிழலில், அளக்கும் இடத்திலேயே செய்யுங்கள். நான் பெரும்பாலும் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஸ்வீப் எல்லைகளைக் கொடுங்கள். புள்ளி எண்ணிக்கை, ஐ.எஃப். பான்ட்வித் இரண்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு கலிபிரேட் மெனுவுக்குள் போய் முதலில் ரீசெற்றை அழுத்துங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், பழைய திருத்தத்தின் எச்சம் கிடந்து குழப்பும்.

அளக்கப்போகும் கேபிளைப் பெட்டியில் பூட்டி, அதன் நுனியில் ஓபனை மாட்டுங்கள். கோடு இரண்டு மூன்று முறை ஓடி முடியும் வரை ஆறுதலாக இருந்துவிட்டு ஓபன் பட்டனை அழுத்துங்கள். அதே மாதிரி ஷோர்ட், அதே மாதிரி லோட். சாமானை மாற்றும்போது நட்டை மட்டும் திருகுங்கள், உடம்பைத் திருப்பினால் நடு ஊசி உரசித் தேயும். எஸ்.எம்.ஏ. கனெக்டருக்கு ஆயுள் சில நூறு தடவைதான், அதனால் பெட்டியின் போர்ட்டில் ஒரு சின்ன நீட்டிப்புக் கனெக்டரை நிரந்தரமாகவே பூட்டி வைத்தால் தேய்வது அதுவாக இருக்கும்.

அன்ரெனா மட்டும்தான் அளக்கிறீர்கள் என்றால் இத்தோடு டன் அழுத்திச் சேமிக்கலாம். ஃபில்டர், கேபிள் இழப்பு என்று எஸ்21 பார்ப்பவர்கள் மட்டும் தொடருங்கள்: ஐசோலேஷனுக்கு இரண்டாவது போர்ட்டில் லோட், த்ரூவுக்கு இரண்டு கேபிள்களையும் நடுவில் ஒரு இணைப்பியால் நேரே பொருத்துங்கள். லோட் ஒன்றுதான் இருக்கிறது, ஐசோலேஷன் எப்படி என்று கேட்பவர்களுக்கு, மிக ஆழமான வெட்டுகளை அளக்காவிட்டால் அதை விட்டுவிடலாம். த்ரூவை விட முடியாது.

டன். பிறகு சேவ். சேவ் செய்யாமல் பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும்.

இனி அந்த இடது ஓரத்து எழுத்துகள். பெரிய சீ (C) எழுத்து, பக்கத்தில் சேமிப்பிட எண், கீழே டீ (D), ஆர் (R), எஸ் (S) என்று நிரையாக நின்றால் மூன்று திருத்தங்களும் நடைமுறையில் இருக்கின்றன. த்ரூ செய்திருந்தால் டி (T), ஐசோலேஷன் செய்திருந்தால் எக்ஸ் (X). அந்தப் பெரிய சீ, சிறிய சீயாக (c) மாறினால் நீங்கள் ஸ்வீப்பை மாற்றிவிட்டீர்கள், பெட்டி ஊகித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் கண் முதலில் அங்கே போகட்டும்.

சரியாக வந்ததா?

ஸ்மித் வரைபடத்தைத் திரையில் போடுங்கள், இம்பீடன்ஸை (மாறும் மின்னுக்கு இருக்கும் தடங்கலை) ஒரு வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டும் படம் அது, 1939இல் பிலிப் ஸ்மித் வெளியிட்ட அதே வட்டம்தான். ஓபனைப் பூட்டினால் எல்லாப் புள்ளியும் வலது நுனியில் குவிய வேண்டும், ஷோர்ட்டைப் பூட்டினால் இடது நுனியில், லோட்டைப் பூட்டினால் சரி நடுவில். ஆனால் இந்தச் சோதனை அரைச் சோதனைதான், ஏனென்றால் எந்தச் சாமானால் கலிபிரேஷன் செய்தீர்களோ அதையே காட்டிக் கேட்கிறீர்கள், லோட் பழுதாக இருந்தாலும் நடுவில்தான் காட்டும். விடை தெரிந்த நாலாவது சாமான் ஒன்று வேண்டும். 100 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றை ஒரு சொக்கெற்றில் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அது எஸ்.டபிள்யூ.ஆர். 2.0, ரிட்டேர்ன் லொஸ் 9.5 டெசிபெல் காட்ட வேண்டும். காட்டினால் நம்பலாம். அன்று என்னிடம் இது இருந்து, ஒரு நிமிடம் செலவழித்துப் பூட்டிப் பார்த்திருந்தால் அந்த அண்ணா கடைக்கே போயிருக்க மாட்டார்.

கேபிளின் நுனியில் ஏன் செய்ய வேண்டும்

பெட்டியின் வாயில் வைத்துக் கலிபிரேஷன் செய்துவிட்டு 20 மீற்றர் கேபிளுக்கு அப்பால் இருக்கும் அன்ரெனாவை அளந்தால், நீங்கள் பார்ப்பது கேபிளும் அன்ரெனாவும் சேர்ந்த ஒன்றை. கேபிள் அன்ரெனாவின் இம்பீடன்ஸை ஸ்மித் வட்டத்தில் சுழற்றிவிடும், அதைவிட மோசம், இழப்பால் குறையை மறைத்துவிடும். ஆர்.ஜி.58 கேபிள் 20 மீற்றர், 150 மெகாஹேர்ட்ஸில் ஏறக்குறைய 4 டெசிபெல் தின்னும், போக 4, வர 4. நுனியில் அன்ரெனாவே இல்லாமல் வெறுமையாக விட்டாலும் பெட்டி எஸ்.டபிள்யூ.ஆர். 2.3 அளவு காட்டும்! அதைப் பார்த்துவிட்டு “கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் சமாளிக்கலாம்” என்று படகைக் கடலுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கலிபிரேஷன் முடிந்த பிறகு கட்டாயத்துக்கு ஒரு சின்ன அடாப்டர் சேர்க்க வேண்டி வந்தால், அடாப்டரின் நுனியில் ஷோர்ட் ஒன்றைப் பூட்டி, மெனுவில் இருக்கும் இலெக்ட்ரிக்கல் டிலே எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். வளைந்து கிடக்கும் கோடு சுருண்டு இடது நுனிக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேபிள் மேலேயே சந்தேகம் என்றால் ட்ரான்ஸ்ஃபோர்ம் மெனுவில், தெறிப்பு கேபிளின் எத்தனையாவது மீற்றரில் இருந்து வருகிறது என்று காட்டும் லோ பாஸ் இம்பல்ஸைப் போட்டு, வெலோசிற்றி ஃபாக்டரை (கேபிளுக்குள் சமிக்ஞை ஓடும் வேகம், ஒளியின் வேகத்தில் எவ்வளவு என்பதை) ஆர்.ஜி.58க்கு 66 சதவீதம் என்று கொடுத்து, 3 என்ற எண்ணுள்ள சேமிப்பிடத்தை ஏற்றுங்கள். இங்கே மட்டும் கலிபிரேஷன் பெட்டியின் வாயில்தான் இருக்க வேண்டும். 2 மெகாஹேர்ட்ஸ் இடைவெளிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் தூரம் வரை பார்க்கலாம், அரை மீற்றர் அளவில் இடம் பிரித்துக் காட்டும். மயிலிட்டிப் படகில் கடைசியாக இப்படித்தான் கண்டுபிடித்தோம்: சரியான கலிபிரேஷனோடு பார்த்தபோது பழைய அன்ரெனா 1.3, ஒரு குறையும் இல்லை. கேபிளில் ஆறாவது மீற்றரில், நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கிச் செப்பு பச்சையாகப் போயிருந்தது. வெட்டி எறிந்து புதுக் கேபிள் இழுத்தோம். புது அன்ரெனாவின் காசை நான் கொடுத்தேன்.

அன்ரெனாவில் பூட்டும் முன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே இடி மின்னல் சொல்லாமல் வரும். வானம் கறுத்தால் எதையும் பூட்ட வேண்டாம். வானம் தெளிவாக இருந்தாலும், பனைகளுக்கு நடுவில் கட்டிய நீளக் கம்பியில் காற்றால் மின்னேற்றம் தேங்கி நிற்கும், அந்த ஒரு பொறி பெட்டியின் உள்ளீட்டை எரித்துவிடும். கேபிளின் நடுவையும் உறையையும் ஒரு கணம் தொடுத்து இறக்கிவிட்டு உடனே பூட்டுங்கள். அதே கேபிளில் றேடியோவைப் பூட்டி அனுப்பும் பட்டனை அழுத்தும் தவறும் நடக்கும், அதனால் றேடியோவின் கேபிளை முழுதாகக் கழற்றி வேறு மேசையில் வையுங்கள்.

மடிக்கணினியோடு யூ.எஸ்.பி.யில் இணைத்து, கணினியும் வீட்டு மின்னில் இருந்தால் அந்த வயர்களெல்லாம் அன்ரெனாவின் ஒரு பகுதியாகிவிடும், எச்.எஃப்.இல் எண்கள் நன்றாகவே மாறும். பெட்டியைத் தன் பற்றரியில் விடுங்கள். கேபிளைக் கையால் பிடிக்கும்போது கோடு ஆடினால் உறையின் வெளிப்புறத்தில் கரண்ட் ஓடுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள், அது கலிபிரேஷனால் தீரும் விஷயம் இல்லை, அந்தக் கரண்டைத் தடுக்கும் சோக் ஒன்று போட வேண்டும்.

இனி வெட்டும் வேலை. 7.1 மெகாஹேர்ட்ஸ் டைபோலுக்கு 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20.1 மீற்றர், பக்கத்துக்கு 10 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். நான் எப்போதும் 10.4இல் தொடங்குவேன். பள்ளம் 6.85இல் தெரிந்தால் 10.4ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுங்கள், 10.03 வரும், பக்கத்துக்கு 37 சென்ரிமீற்றர் குறைய வேண்டும். உடனே வெட்ட வேண்டாம். 30 மடித்துக் கம்பியோடு முறுக்கிக் கட்டி, ஏற்றி, குறுகிய ஸ்வீப்பில் பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யுங்கள். மரத்தின் உயரம், கீழே ஈரமண், பக்கத்துக் கம்பி வேலி எல்லாம் பரிவை நகர்த்தும், என் வளவில் மாரி மழைக்குப் பிறகு அது தெளிவாகவே இறங்கித் தெரிந்தது.

எல்லாம் முடிந்து பெட்டியைச் சுற்றி வைக்கும் முன், கேபிளின் நுனியில் அந்த லோட்டை இன்னொரு முறை பூட்டுங்கள். புள்ளி இன்னும் நடுவில் நின்றால் அன்று எழுதிய எண்களைக் கொப்பியில் வைத்திருக்கலாம். நகர்ந்திருந்தால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ரீசெற்றில் இருந்து மறுபடி தொடங்கி அளந்துவிட்டே கம்பியை வெட்டுங்கள்.